மூடி மின்னினால் வெள்ளியா?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள், அங்கே பழம்பொருள் சந்தையில் வாங்கிய பிஸ்கட் ஜாடி ஒன்றை அனுப்பியிருக்கிறாள். ஜாடி ஓக் மரம். மூடியும் கைப்பிடியும் வெள்ளிபோல மின்னுகின்றன. அடியில் ‘இ.பி.என்.எஸ்., இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது. விக்டோரியா காலத்தது என்று விற்றவர் சொன்னாராம். இது வெள்ளிதானா? மூடி விளிம்பு மஞ்சளாகத் தெரிகிறது. மறுபடி முலாம் பூசலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெள்ளி அல்ல, வெள்ளி முலாம். செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி பூசியது என்பதுதான் அந்த நான்கு எழுத்துகளுக்குப் பொருள். விளிம்பில் மஞ்சளாகத் தெரிவது, முலாம் தேய்ந்து எட்டிப் பார்க்கும் அடி உலோகம். இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும். முலாம் பூசியவர்களும் முத்திரைபோலவே சின்னக் கட்டங்களுக்குள் எழுத்துகளைப் பொறித்தார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் நடுத்தரக் குடும்பத்து மேசைக்கும் இந்தப் பளபளப்பு வந்தது. விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. ஆனால், ஓக் ஜாடிகளை அதற்குப் பின்னும் நிறையச் செய்தார்கள். நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம், அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய 1891ஐ ஒட்டிப் பரவியது. ஆகவே, உங்கள் ஜாடி விக்டோரியாவின் கடைசிப் பத்தாண்டாக இருக்கலாம், அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். விற்றவர் வாய்ச்சொல்லுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மறுமுலாம் பூசுவது இந்த வகைக்குக் குற்றமில்லை. ஆனால், பூசுமுன் பாலிஷ் போடுவார்கள். மூடியில் நுண்ணிய செதுக்கல் இருந்தால் மழுங்கிவிடும். விளிம்பு தேய்மானம் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். இந்த எழுத்துகள் இல்லாத வேறு பொருளில் மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறம் தெரிந்தால் மட்டும், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள். செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் இணைத்துச் செய்த பழைய ஷெஃபீல்டு வேலையாக இருக்கக்கூடும். அதில் மறுமுலாம் பூசினால் மதிப்புப் போய்விடும்.

நம் வீட்டு வெள்ளிக்குப் போடும் விபூதியும் பல்பொடியும் இதற்கு வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் முலாம் குறையும். மெல்லிய பருத்தித் துணி போதும். மரத்தைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். உள்ளே பீங்கான் கிண்ணம் இருந்து, அது கழன்று வந்தால் தனியாகக் கழுவலாம். மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

கிராம் கணக்கில் விலை பார்த்தால் இது ஏமாற்றம்தான். மரவேலைக்காகவும் வடிவத்துக்காகவும் வைத்திருங்கள். அடுத்த முறை மகளிடம், வாங்குமுன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.