தறிக்கூடம், குடோன், கடை: மூன்று இடத்துத் திரைகளையும் ஓரிடத்திலிருந்து நடத்த

சங்கரன்கோவிலில் ஜவுளித் தொழில் செய்கிறவர்களுக்கு எல்லா வேலையும் ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. விசைத்தறிக் கூடம் ஒரு தெருவில் இருக்கும், குடோன் இன்னொரு தெருவில் இருக்கும், விற்பனைக் கடை கோயில் பக்கம் இருக்கும். மூன்றிலும் டிவி மாட்டி, படம் மாற்ற ஒரு பையனைப் பென் டிரைவோடு அனுப்பினால் அந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது. தீபாவளித் தள்ளுபடி பொங்கல்வரை ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றையும் நடத்தலாம், வழி சிரமமானதும் இல்லை.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வீடியோ திரைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியிலேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இணையம் வழியாக வருவது கட்டளையும் புதிய கோப்பும் மட்டும்தான். யூடியூப்பைத் திறந்து ஓடவிடுவது எளிதாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிவான வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 37 எம்பி. இணையத்திலிருந்தே நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒரு திரைக்கு 22 ஜிபிக்கு மேல் போகும். அதே வேகத்தில் பதிவான 10 நிமிட வீடியோவைக் கருவியில் இறக்கி வைத்தால் 375 எம்பி ஒரே ஒரு தடவைதான். லைன் அறுந்தாலும் படம் நிற்காது. மேலும், யூடியூப்பின் விதிமுறை சொந்தப் பயன்பாட்டுக்கானது, கடையில் ஓட்டுவதற்கானது அல்ல.

இனி கருவி. இரண்டு மூன்று திரைகளுக்கு ராஸ்பெர்ரி பை 4 போதும். அதில் ஆந்தியாஸ் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளை மெமரி கார்டில் பதிந்து எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணையுங்கள். இயக்கியதும் திரையிலேயே ஒரு முகவரி வரும். அதைக் கணினி பிரவுசரில் அடித்தால் வீடியோ, படம், இணையப்பக்கம் மூன்றையும் ஏற்றி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓட வேண்டும் என்று குறிக்கலாம். ஆடித்தபசுக் கூட்டத்துக்கான விளம்பரத்தை ஆனி மாதமே ஏற்றி வைத்துவிடலாம். திருவிழா முடிந்ததும் தானாக நின்றுவிடும். திரைகள் ஐந்தாறைத் தாண்டினால் ஸீபோ என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். அதில் எல்லாத் திரைகளும் ஒரே பக்கத்தில் தெரியும், கடைத் திரைகள் ஒரு குழு, தறிக்கூடத் திரைகள் ஒரு குழு என்று பிரிக்கலாம், இந்த நிமிடம் எந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்று படம்பிடித்தும் பார்க்கலாம். விண்டோஸ் கணினிக்கான அதன் பிளேயர் இலவசம். ஆண்ட்ராய்டு டிவிக்கானதற்குக் கட்டணம் உண்டு.

வீடியோவை 1920க்கு 1080 அளவில், எச்.264 எம்பி4 கோப்பாக எடுங்கள். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, ஸ்பீக்கருக்குச் செலவு செய்ய வேண்டாம். சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில், ஒரு திரைக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மிகாமல் போடுங்கள். இங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. சில வீடியோ எடிட்டர்களில் ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் அடித்து, படமாகச் சேமித்து, அந்தப் படத்தை வீடியோவில் சேருங்கள். பிழையான தமிழைத் தொழிலாளர் கண்முன் நாள் முழுக்க ஓடவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

கடையில் சினிமாப் பாட்டு ஓட்டுவதாக இருந்தால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் தேவை. சொந்தமாக எடுத்த சேலை வீடியோவுக்கு அந்தக் கவலை இல்லை.

பஞ்சுத் தூசிக்கும் கரண்டுக்கும் தனியாக ஏற்பாடு வேண்டும். தறிக்கூடத்தில் ஃபேன் வைத்த கருவிகள் தூசி அடைத்துச் சூடாகும். ஃபேன் இல்லாத அலுமினியப் பெட்டியில் ராஸ்பெர்ரி பையை வையுங்கள். பை 4இல் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்தடைக்குப் பிறகு நெட் வராவிட்டால் நேரம் தவறும், அட்டவணையும் கூடவே தவறும். ஆகவே யுபிஎஸ் ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் போதாது, ரவுட்டருக்கும் வேண்டும். திடீரென்று கரண்ட் போவதால் மெமரி கார்டு கெடுவதும் இதனால் குறையும். பல வீட்டு டிவிகள் ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் விட்டால் தாமாகவே அணைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்துங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பூட்டு. 2023 மார்ச் 19 அன்று பாட்னா ரயில் நிலைய பிளாட்பாரத் திரைகளில் ஆபாச வீடியோ சில நிமிடங்கள் ஓடியது. குடும்பத்தோடு நின்ற பயணிகள் பார்த்தார்கள். ரயில்வே அந்தத் திரைகளை நடத்திய ஏஜென்சியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் திரைக்கும் அது நேரலாம். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து நுழைய ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் வழியாக மட்டும் போங்கள். திரைகளுக்குத் தனி வைஃபை கொடுங்கள், வாடிக்கையாளருக்குக் கொடுப்பதைக் கொடுக்காதீர்கள். படம் ஏற்றும் உரிமை இரண்டு பேருக்குப் போதும். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள்.

திரையில் விளம்பரம் மட்டும் ஓட்டாதீர்கள். ஷிஃப்ட் நேரம், விடுமுறை, பாதுகாப்புக் குறிப்பு இவற்றுக்கும் இடம் கொடுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழு அமைத்த உத்தரவையும் தண்டனை விவரத்தையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவும் சொல்கிறது. அதைத் தமிழில் எழுதி நாள்தோறும் ஓடவிடுங்கள். சுவரில் ஒட்டிய தாளையும் எடுத்துவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் படிக்க அதுதான் இருக்கும்.