'ரெண்டு செகண்ட் ஸ்லீப் போடுங்க, சரியாயிடும்'

டிபக்கரின் ஸ்டெப் வசதிகளுக்கு டெஸ்ட் எழுதும் இடங்களில் இந்த வாக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "ஸ்டெப் டெஸ்ட் எல்லாம் அப்படித்தாங்க, அப்பப்ப ஃபெயில் ஆகும். ரெண்டு செகண்ட் ஸ்லீப் போடுங்க, சரியாயிடும்." சீனியர் சொல்கிறார், ஜூனியர் எழுதுகிறார், அடுத்த வருடம் அவரே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சரியாகாது. இது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்கிற வேலை.

நடப்பதைப் பாருங்கள். புரோகிராம் 12ஆம் வரியில் நிற்கிறது. டெஸ்ட்டின் ஸ்டெப் ஹெல்பர் 'ஸ்டெப் ஓவர்' கமாண்டை அனுப்பிவிட்டு, "நிற்கிறதா?" என்று கேட்கிறது. கமாண்ட் இன்னும் போய்ச் சேரவில்லை. புரோகிராம் பழைய இடத்திலேயே நிற்கிறது. "ஆமாம், நிற்கிறது" என்று பதில் வருகிறது. எந்த வரி? 12. வர வேண்டியது 13. டெஸ்ட் ஃபெயில். இதில் டிபக்கர் என்ன தப்பு செய்தது? கேட்ட நேரம்தான் தப்பு. ஸ்லீப் போட்டால் உங்கள் லேப்டாப்பில் பிழை ஒளிந்துகொள்ளும்; வேலைப்பளு ஏறிய பில்ட் சர்வரில் மறுபடி தலைகாட்டும். தொகுப்பில் 400 ஸ்டெப் இருந்தால், ஸ்லீப்பில் மட்டும் 13 நிமிடத்துக்கு மேல் வீண்.

நிலையைக் கேட்காதீர்கள், ஈவென்ட்டுக்குக் காத்திருங்கள். டிபக் அடாப்டர் புரோட்டோகாலில் 'நெக்ஸ்ட்' (அதாவது ஸ்டெப் ஓவர்) கோரிக்கைக்கு முதலில் ரெஸ்பான்ஸ் வரும். ஸ்டெப் முடிந்த பிறகுதான் 'ஸ்டாப்டு' ஈவென்ட், 'ஸ்டெப்' என்ற காரணத்தைச் சுமந்து வரும். ரெஸ்பான்ஸைப் பார்த்ததுமே ஸ்டெப் முடிந்தது என்று எண்ணுகிறவர்கள்தான் ஸ்லீப்பில் போய் நிற்கிறார்கள். கமாண்டை அனுப்புவதற்கு முன்பே ஈவென்ட்டுக்குக் காது கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். அனுப்பிய பிறகு தொடங்கினால், வேகமான ஸ்டெப் அதற்குள் முடிந்துபோயிருக்கும். டைம்அவுட் வேண்டும்தான், ஆனால் அது வேறு, ஸ்லீப் வேறு. டைம்அவுட் 30 நொடி என்று வைத்தாலும், ஈவென்ட் வந்த கணமே டெஸ்ட் நகர்ந்துவிடும். ஜிடிபி டிபக்கரின் டெஸ்ட் தொகுப்பும் இப்படிக் காத்திருப்பதுதான்; அது எக்ஸ்பெக்ட் கருவியின் மேல் நிற்பது. ஒவ்வொரு கமாண்டுக்குப் பிறகும் பிராம்ப்ட் திரும்பி வருகிறதா என்றுதான் அது பார்க்கிறது.

ஃபெயில் ஆவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொய்யாகப் பாஸ் ஆவதை என்ன செய்வது? நான் வேலை பார்த்த ஒரு குழுவில், ஸ்டெப் ஹெல்பர் ஃபைல் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் மட்டும் சரிபார்த்தது. கமாண்டை அனுப்பும் வரியைக் கமென்ட் செய்துவிட்டு ஓட்டினேன். பச்சை! ஸ்டெப்பே நடக்கவில்லை, டெஸ்ட் பாஸ். அதற்குள் எத்தனை மாதம் அந்தப் பச்சையை நம்பி ரிலீஸ் செய்திருந்தோம்!

அடுத்தது, "வரி எண் சரியாக இருந்தால் போதும்" என்பது. போதாது. தன்னையே அழைக்கும் ஃபேக்டோரியல் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். n 5ஆக இருக்கும்போது, அந்த அழைப்பு உள்ள வரியில் 'ஸ்டெப் ஓவர்' கொடுக்கிறீர்கள். டிபக்கர் திரும்பி வரும் முகவரியில் தற்காலிக பிரேக்பாயின்ட் வைக்கும். உள்ளே போன அழைப்புகளும் அதே முகவரிக்குத்தான் திரும்பும். எந்த ஃபிரேம் என்று பார்க்காத டிபக்கர், ஆழத்தில் n 2ஆக இருக்கும் ஃபிரேமிலேயே நின்றுவிடும். வரி சரி, இடம் தப்பு. ஹெல்பர் ஸ்டாக்கின் ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

"வரி எண்ணை நேராக எழுதிவிடலாம்" என்பார்கள். மேலே ஒரு கமென்ட் வரி சேர்ந்தால் எல்லாம் சரியும். சோர்ஸில் ஓர் அடையாளக் கமென்ட் வைத்து, அது எந்த வரியில் இருக்கிறது என்று தேடி எடுக்கும் ஹெல்பர் ஜிடிபியிலும் உண்டு, எல்எல்டிபியிலும் உண்டு. "ஆப்டிமைஸ் செய்தாலும் ஸ்டெப் வரிசையாகப் போகும்" என்பதும் உண்மையில்லை. கம்பைலர் கட்டளைகளை இடம் மாற்றினால் ஸ்டெப் முன்னும் பின்னும் தாவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "எதிர்பார்த்தது 13, வந்தது 12" என்று மட்டும் சொல்லும் ஃபெயில் செய்தி, நள்ளிரவில் பில்ட் லாக்கைப் புரட்டுகிறவருக்கு எதற்கு உதவும்? டெஸ்ட் ஃபெயில் ஆனதும் கடைசி 20 ஈவென்ட்டுகளை வந்த வரிசையிலேயே ஹெல்பர் அச்சிடட்டும். பத்து வரி வேலை. இதைச் செய்யாமல், ஃபெயில் ஆனதை மூன்று முறை திரும்ப ஓட்டிப் பச்சையாக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

இன்றைக்கே உங்கள் ஹெல்பரில் கமாண்ட் அனுப்பும் வரியைக் கமென்ட் செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சை வந்தால், ஸ்டெப்புக்கு உங்களிடம் டெஸ்ட் இல்லை.