பறவைகளை எங்கே தேடலாம்?

பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். சங்ககிரியில் படிக்கும் மாணவருக்கு அது நெடுந்தொலைவு. ஈரோட்டை அடுத்த வெள்ளோடு சரணாலயம் அருகிலேயே இருக்கிறது; 2022-இல் அது ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு அவசியம் செல்லுங்கள். ஆனால் பிறர் கண்டுபிடித்துத் தந்த இடத்துக்குப் போவது வேறு, நல்ல இடத்தை நாமே கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதற்குச் சிறிது இயற்பியல் உதவும்.

நிலப்படத்தை விரித்து, சங்ககிரியை மையமாகக் கொண்டு 60 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். மேற்கே காவிரி, வடக்கே மேட்டூர் அணை, வடகிழக்கே சேர்வராயன் மலை, தென்கிழக்கே கொல்லிமலை ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே ஏற்காடு சேலத்தைவிட ஏறத்தாழ 8 பாகை குளிர்ந்தது. தாவரங்கள் மாறுகின்றன, பறவைகளும் மாறுகின்றன. சமவெளி வேலியோரங்களில் செங்குதச் சின்னானைக் காண்கிறோம். மலையேறினால் காப்பித் தோட்டங்களில் கூரிய கொண்டையுடைய செம்மீசைச் சின்னான் வரவேற்கிறது. இரண்டும் நெருங்கிய உறவினங்களே.

உயரத்தைப் போலவே ஆழமும் முக்கியம். சொல்லப்போனால் நம் பகுதியில் ஆழமே அதிகம் முக்கியம்.

ஏரிக்குச் செல்பவர்கள் வழக்கமாக மதகை அடுத்த உயர்ந்த கரைமேல் ஏறி நிற்கிறார்கள். ஆனால் ஏரியின் ஆழமான பக்கம் அதுதான். அங்கே முக்குளிப்பானும் நீர்க்காகமும் தென்படலாம். சேற்றில் அலகால் குத்தி இரை தேடும் பறவைகளுக்கு அங்கு வேலையில்லை. அவற்றின் எல்லையைக் காலின் நீளம் தீர்மானிக்கிறது. பட்டாணி உப்புக்கொத்தி ஈர மண்ணைவிட்டு அதிகம் இறங்காது. நெடுங்கால் உள்ளான் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரை நடக்கும். இவை அனைத்துக்கும் 20 செ.மீ.க்கு உட்பட்ட நீர் வேண்டும் என்று கொள்வோம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஓர் ஏரியின் தரை 100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரிகிறது. விளிம்பிலிருந்து 20 மீட்டர் உள்ளே போனால்தான் ஆழம் 20 செ.மீ. ஆகும். விளிம்பின் நீளம் 500 மீட்டர் என்றால் பறவைகளுக்குக் கிடைக்கும் மேய்ச்சல் பரப்பு 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். அதே விளிம்பைப் பொக்லைன் கொண்டு 45 பாகைச் சரிவாக வெட்டிவிட்டால்? அகலம் 20 செ.மீ.தான், பரப்பு வெறும் 100 சதுர மீட்டர். தண்ணீர் குறையவில்லை, கூடியும் இருக்கலாம்; மேய்ச்சல் நிலம் மட்டும் நூறில் ஒரு பங்காகிவிட்டது. சுற்றிலும் செங்குத்தாக வெட்டப்பட்ட ஏரியில், நீர் நிறைந்திருந்தும் உள்ளான்கள் இல்லாமற்போவதன் காரணம் இதுவே.

தூர்வாரக் கூடாது என்பதா? அல்ல. உழவருக்குத் தண்ணீர் வேண்டும். கரையோரத்தில் ஆழப்படுத்திவிட்டு, நீர் வந்து சேரும் பக்கத்தின் இயற்கைச் சரிவை விட்டுவைத்தால் இரண்டும் நடக்கும். கிராமசபையில் இதை எடுத்துச் சொல்ல மேற்கண்ட கணக்கே போதும்.

சரிவான விளிம்பில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர்மட்டம் 1 செ.மீ. தாழ்ந்தால் விளிம்பு 1 மீட்டர் பின்வாங்கும். புதிய சேறும் அதிலுள்ள புழுபூச்சிகளும் வெளிப்படும். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரிகள் சனவரி முதல் மார்ச்சு வரை வற்றிவரும் காலத்தில், வடக்கிலிருந்து வந்த பொறி உள்ளான் போன்ற விருந்தாளிகளும் இங்கேயே இருக்கும். காவிரியை நோக்கி மேற்கே சரியும் நிலங்களில் ஏரியின் ஆழமற்ற பக்கம் கிழக்கே அமையும். காலையில் அங்கு நின்றால் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும். நிறங்கள் தெளிவாகத் தெரியும். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களின் விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். செங்குத்துச் சுவர், பறவையும் குறைவு, ஆபத்தோ அதிகம்.

நீரே இல்லாத இடங்களையும் ஒதுக்க வேண்டாம். வருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று எழுதப்படும் கல்லும் முள்ளுமான நிலத்தில் கௌதாரி, பனங்காடை, வானம்பாடி வகைகள் வாழ்கின்றன. செம்மூக்கு ஆள்காட்டி நீரருகே திரியும். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வறண்ட வெட்டவெளியையே நாடும். அது கூழாங்கல் போன்ற முட்டைகளை வெறுந்தரையில் இடுவதால் பார்த்துக் கால் வையுங்கள். அத்தகைய நிலத்தில் நல்லெண்ணத்துடன் நெருக்கமாக மரம் நட்டாலும் அந்தப் பறவைக்கு இடமில்லாமல் போகும்.

சங்ககிரி மலைக்கோட்டையைத் தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட இடமாக நாம் அறிவோம். பறவை நோக்குபவருக்கு அது இன்னொரு விதத்திலும் பயன்படும். வெயில் ஏற ஏறப் பாறை சூடாகிறது; அதைத் தொட்ட காற்று இலேசாகி மேலெழுகிறது. கரும்பருந்தும் செம்பருந்தும் அந்தக் காற்றுத் தூணுக்குள் வட்டமிட்டு, சிறகடிக்காமலே உயர்கின்றன. எனவே விடியலில் அடிவாரப் புதர்களைப் பாருங்கள். ஒன்பது மணிக்குமேல் வானத்தைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் சனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டில் சேர்க்கலாம். தேதியையும் நேரத்தையும் தவறாமல் குறியுங்கள். ஏரியாக இருந்தால், நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு, அடுத்த வாரம் விளிம்பு எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் அளந்து எழுதுங்கள்.