யானைக்குத் தடை உத்தரவு உண்டா?

கேள்வி: ஆப்பிரிக்கப் புல்வெளிக் காடுகளைச் சரணாலயமாக்கிக் காவல் போட்டுவிட்டால், மரஞ்செடி வகைகள் தாமே பெருகிவிடும் அல்லவா? (கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: கோடரிக்குத் தடை விதிக்கலாம், யானைக்கு விதிக்க முடியாதே, அன்பரே! தென்னாப்பிரிக்காவில் 1926-ஆம் வருஷம் ஸ்தாபிதமான க்ரூகர் தேசியப் பூங்காவில் விறகுவெட்டியின் உபத்திரவம் ஒழிந்தது வாஸ்தவமே. ஆயினும், 1967 முதல் 1994 வரை யானைகளைச் சுட்டுத் தொகை குறைத்துவந்த வழக்கம் நின்றபின், அவை இருமடங்குக்கு மேல் பெருகி, தந்தத்தால் பட்டையை உரித்தும், நெற்றியால் முட்டிச் சாய்த்தும், மரூலா முதலிய நெடுமரங்களை க்ஷீணிக்கச் செய்துவிட்டன. வேலிக்கு வெளியே, கனிக்காகவும் அதில் வடிக்கும் மதுவுக்காகவும், கிராம ஜனங்கள் அதே மரூலாவை வெட்டாமல் போற்றிவருவதுதான் விநோதம்.

தான்சானியாவின் செரெங்கெட்டியிலோ, கால்நடைகளோடு வில்டபீஸ்ட் என்னும் மானினத்தையும் கொன்ற வெக்கை நோய் 1960-களில் ஒழிந்ததும் வில்டபீஸ்ட் மந்தைகள் பல்கி, புல்லை ஒட்ட மேய்ந்துவிட, பற்றுவதற்குப் புல்லின்றிக் காட்டுத்தீ தணிந்து, வேலங்கன்றுகள் தலைதூக்கின.

ஆகையால் யானை, தீ, மேய்ச்சல் இம்மூன்றையும் முதலில் விசாரித்துக்கொண்டு, மரக் கணக்கையும் புதர்க் கணக்கையும் தனித்தனியே பாருங்கள். சாய்ந்த மரூலாவும் அடித்தூரில் துளிர்விட்டு, கணக்கெடுப்பவரின் முழங்காலுயரத்தில் புதர்போல் நின்றுகொண்டிருக்கும்.