சின்னஞ்சிறு மூச்சுக்கு ஒரு துணை

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. அழுவதற்கே மூச்சில்லாத பிள்ளை என்ன செய்யும்?

நெல்லித்தோப்பில் வசிக்கும் எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு 29-ஆம் வாரத்திலேயே குழந்தை பிறந்தது. சில நாட்களில் வென்டிலேட்டர் குழாயை எடுத்த மருத்துவர், உடனே மூக்கில் வேறொரு குழாயைப் பொருத்தினார். “நிலைமை மோசமாகிவிட்டதோ?” என்று பாட்டி கலங்கி அழுதார். அந்த அச்சம் சரிதானா என்று அறிய முற்பட்டோம்.

நம் நுரையீரலில் எண்ணற்ற காற்றறைகள் உள்ளன. மூச்சை வெளியே விடும்போது அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி ‘சர்ஃபாக்டன்ட்’ என்னும் பொருள் காக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு இது போதிய அளவு சுரப்பதில்லை. இதை 1959-இல் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்நோயால் இரண்டே நாளில் இறந்தான். ‘ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது’ என்பர். அது தவறு. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு வலிமையே.

வென்டிலேட்டர் உயிர் காக்கும். ஆனால் மூச்சுக்குழலுக்குள் குழாய் நெடுநாள் இருந்தால் நோய்த்தொற்று வரலாம், நுரையீரலும் புண்படலாம். ஆகவே இயன்றவரை விரைவில் எடுத்துவிடுகின்றனர். அப்போது களைத்த குழந்தையின் காற்றறைகள் மீண்டும் சுருங்கக்கூடும். முழுதும் சுருங்கிய பலூனை ஊதுவது கடினம். சிறிது காற்றுள்ள பலூனை ஊதுவது எளிதன்றோ? அந்தச் சிறிது காற்றை மூக்கு வழியே இடைவிடாத அழுத்தத்தால் நிறுத்தி வைப்பதே ‘சி-பாப்’ முறை. 1971-இல் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் அழுத்தம் கொடுக்கும் இம்முறையால் 20 குழந்தைகளில் 16 பேரைக் காப்பாற்றியதை வெளியிட்டனர்.

இதன் எளிய வடிவம் வியப்பானது. காற்று வெளியேறும் குழாயின் நுனியை நீருள்ள பாட்டிலில் 5 செ.மீ. அமிழ்த்தினால், அந்த ஆழமே அழுத்தத்தின் அளவாகிறது. குமிழிகள் ‘குபுகுபு’வென எழும். குழாய் எடுத்த குழந்தைகளுக்கு இந்தக் குமிழி முறையும் உதவுமா என்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் ஆராய்ந்து, 2012-இல் வெளியிட்டனர்.

இது போதாவிட்டால், மூக்கு வழியாகவே இடையிடையே கூடுதல் மூச்சும் தருவர். மூச்சு விட மறக்கும் பிள்ளைக்குக் காஃபீன் மருந்தும் உண்டு; நம் காப்பியில் இருப்பதும் அதுவே! சில குழந்தைகளுக்கு மீண்டும் வென்டிலேட்டர் தேவைப்படலாம். அது எவர் குற்றமும் அன்று.

ஆகவே தோழியரே, மூக்குக் குழாய் பின்னடைவு அன்று. வீடு திரும்பும் வழியில் ஒரு படி. இதைத் தோழியின் பாட்டியிடம் சொன்னோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ அந்தக் குமிழி நிக்காம வரட்டும்” என்றார். இன்று அக்குழந்தை வீடே அதிர அழுகிறது, பாலும் குடிக்கிறது!