நங்கூரமும் முக்கோணமும்

அன்புள்ள தம்பிக்கு,

ஒமேகா சுவிஸ் கம்பெனி ஆயிற்றே, அதன் தங்கக் கேஸ் பர்மிங்ஹாமில் செய்தது என்றால் போலிதானே என்று கேட்டிருக்கிறாய். உன் மேல் வருத்தமில்லை. பழைய வாட்ச் விற்பவர்களே அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள். "கேஸ் ஒரிஜினல் இல்லை" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட, நல்ல கேஸ்கள் உருக்குவதற்குப் போகின்றன. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சுவிஸ் கம்பெனியின் கேஸ் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்யப்பட்டதற்குக் காரணம் வரி. 1915-இல், போர்ச் செலவுக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் நிதியமைச்சர் மெக்கென்னா, இறக்குமதியாகும் கார், கடிகாரம் முதலியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டார். முழு வாட்சாக இறக்கினால் தங்கத்தின் விலைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியிருந்தது. மெஷினை மட்டும் வரவழைத்து, கேஸை உள்ளூரில் செய்துகொண்டால் அந்தச் சுமை இருக்கவில்லை. ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சின் மூன்றுக்கும் இங்கிலாந்தில் இப்படிக் கேஸ் செய்யப்பட்டிருக்கிறது. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை.

அந்தக் கேஸ்களைச் செய்தவர்களில் பெரியவர்கள் டென்னிசன்கள். ஆரன் லஃப்கின் டென்னிசனைப் பற்றி நீ அவசியம் படிக்க வேண்டும். 1812-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். வாட்ச் பாகங்களை இயந்திரத்தில் ஒரே அளவாக வெட்டலாம் என்று கனவு கண்டு, 1850 வாக்கில் கூட்டாளிகளோடு தொடங்கிய தொழிற்சாலைதான் பின்னால் வால்தம் என்று பெயர் பெற்றது. 1857-இல் அது திவாலானது. வேறொருவராக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பார். இவர் கடல் கடந்து பர்மிங்ஹாமுக்குப் போய், அறுபது வயதைத் தாண்டிய பிறகு கேஸ் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1895-இல் இறந்தார். ஆனாலும் அவர் பெயரின் முதலெழுத்துகளான ஏ.எல்.டி. என்ற முத்திரை 1960-கள் வரை கேஸ்களில் விழுந்துகொண்டே இருந்தது. கம்பெனி 1967-இல்தான் மூடியது. அமெரிக்க வாட்ச் தொழிலுக்கு அடித்தளம் போட்டவரின் கைநாட்டு, சுவிஸ் மெஷினுக்கு மேல், ஆங்கிலத் தங்கத்தில்! வரலாற்றுப் புத்தகங்களில் இவருக்கு இன்னும் நாலு பக்கம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். பின்மூடியின் உட்புறத்தில் ஏ.எல்.டி., நங்கூரம், 9, .375, எஃப் என்ற எழுத்து. நங்கூரத்தைப் பார்த்துக் கடற்படை வாட்ச் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் அடையாளம், 1773 முதல் இருப்பது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு வாளும் மூன்று கோதுமைக் கட்டுகளும். அந்தக் காலத்தில் இறக்குமதியான கேஸை அதே பர்மிங்ஹாமில் சோதித்தால் நங்கூரம் விழாது, முக்கோணம்தான் விழும். 9, .375 என்ற 9 காரட் அடையாளம் இரண்டு வகைக் கேஸிலும் இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஆங்கிலக் கேஸ் என்று சொல்பவன் பாதிதான் படித்திருக்கிறான். 18 காரட்டில் இன்னொரு தடயம் உண்டு: அந்தக் காலத்து ஆங்கிலக் கேஸில் கிரீடம் இருக்கும், இறக்குமதிக் கேஸில் இருக்காது.

எஃப் என்பது 1955 ஜூலையில் தொடங்கிய ஓராண்டு. மேல்புறத்தில் 25 ஆண்டு சேவைக்காக 1957-இல் வழங்கியதாகப் பொறித்திருக்கிறதே என்று குழம்பாதே. கேஸ் முத்திரை வாங்கியது ஒரு வருடம், விற்றது வேறொரு வருடம். இதே எழுத்து வேறு ஊரில் வேறு ஆண்டைக் குறிக்கும் என்பதால், பிராட்பரியின் ஹால்மார்க் கையேட்டைக் கையோடு வைத்துக்கொள். சட்டைப் பைக்குள் அடங்கும் புத்தகம் அது. பயணத்தில் பொழுது போக நாவலைவிட அதைத்தான் நான் அதிகம் புரட்டியிருக்கிறேன்.

916-ஐப் பார்த்துப் பழகிய நம் வீட்டார் 9 காரட்டைத் தங்கமே இல்லை என்பார்கள். பிரிட்டனில் 1854 முதல் அது சட்டப்படி தங்கம். உயர்ந்த காரட்டைவிடக் கடினமாக இருப்பதால் தினமும் கையில் கட்டுவதற்குத் தோதானது. ஒதுக்க வேண்டியது வேறு. கேஸுக்குள் ஸ்டார், மூன் என்று பொறித்து, இத்தனை ஆண்டு உழைக்கும் என்று உத்தரவாதமும் போட்டிருந்தால், அது டென்னிசனே செய்ததானாலும் தங்கத் தகடு போர்த்தியதுதான். கெட்டித் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை.

நீ பார்த்திருக்கும் வாட்ச் அசல்தான். வார் மாட்டும் கொம்புகளின் முனை மழுங்காமல், முத்திரையின் ஓரங்கள் கூராக இருந்தால் வாங்கிவிடு. வாங்கிய பிறகு, பொறித்திருக்கும் பெயரை அழித்துப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று எவன் வந்தாலும் கொடுக்காதே. தங்கம் மெலிந்துவிடும். இருபத்தைந்து வருடம் உழைத்து அதை வாங்கிய மனிதரின் பெயரும் போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்