நீலக் கண்ணாடி வாங்கும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

போனில் ஒரு மணி நேரம் நாவல் படித்தால் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பது என் பதில். வெறும் 'வேண்டாம்' உனக்குப் போதாது என்று தெரியும், அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். திரையில் வாசிப்பவரின் கண்ணை வருத்துவது அந்த ஒளியின் நிறம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். என் வாதம் வேறு. இமைக்க மறந்து, மிக நெருக்கத்தில், மிகச் சிறிய எழுத்தை, இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருத்தம் அதனால் வருகிறது. இதை ஒப்புக்கொண்டால், செய்ய வேண்டியவற்றில் அனேகமாக எதற்குமே காசு தேவைப்படாது.

முதலில் அந்தக் கண்ணாடி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு, 2023-இல் 17 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கணினியால் வரும் கண் அசதியைக் குறுகிய காலத்தில் குறைப்பதில், சாதாரணக் கண்ணாடியைவிட இந்த வடிகட்டிக் கண்ணாடி மேலானது என்று சொல்ல அதில் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. யோசித்தால் இதில் வியப்பு இல்லை. பகலில் ஒரு மரநிழலில் நின்றாலே போன் திரை தருவதைவிடப் பல மடங்கு நீல ஒளி வானத்திலிருந்து கண்ணுக்குள் வருகிறது. அங்கே நின்று பேசிக்கொண்டிருந்ததால் கண் எரிந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் எரிச்சல் எங்கிருந்து வருகிறது? ஜப்பானைச் சேர்ந்த சுபோட்டா, நகமோரி இருவரும் 1993-இல் இமைப்பை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் வாசிக்கும்போது 10 முறையும் கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். இந்த எண்களைக் கவனமாகப் பார். பெரிய வீழ்ச்சி காகிதத்திலேயே நடந்துவிடுகிறது. திரை அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குகிறது. ஒவ்வோர் இமைப்பும் கண்ணீரை ஒரு மெல்லிய படலமாகக் கண்ணின் மேல் பூசுகிறது. அடுத்த இமைப்பு தள்ளிப்போனால் படலம் ஆங்காங்கே விட்டுப்போய், கண் உலர்ந்து, எழுத்தும் மங்குகிறது. மின்விசிறிக்கு நேர் கீழேயோ ஏசி காற்று முகத்தில் படும்படியோ உட்கார்ந்தால் உலர்வது இன்னும் விரைவாகும். ஆகவே காற்று முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார். திரை கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்திருந்தால் இமையும் தாழ்ந்து, காற்றுபடும் பரப்பு குறையும். பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒருமுறை முழுதாகக் கண்ணை மூடித் திற.

நெற்றி வலிக்குக் காரணம் வேறு. கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசை இறுக வேண்டும். இரு கண்களும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். குவிக்கும் திறனை அளக்கும் டயாப்டர் அலகில், இந்த உழைப்பு 40 செ.மீ. தூரத்தில் 2.5, 25 செ.மீ. தூரத்தில் 4. புத்தகத்தைப் பெரும்பாலும் 40 செ.மீ. அளவில் பிடிக்கும் நாம், போனை அதைவிடக் கிட்டத்தில் பிடிக்கிறோம். 2011-இல் வந்த ஓர் ஆய்வில், போனில் இணையப் பக்கம் வாசித்தவர்களின் சராசரித் தூரம் 32 செ.மீ. சிறிய எழுத்து கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. நீ படிப்பவற்றில் பாதி ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டெம்மி அளவில் அச்சான புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம். உன் போனின் அகலம் சுமார் 7 செ.மீ. முழுப் பக்கமும் திரைக்குள் அடங்கும்போது ஒவ்வோர் எழுத்தும் பாதியாகச் சுருங்குகிறது. அச்சில் 11 பாயின்ட் அளவில் இருந்தது ஐந்தரை பாயின்ட் ஆகிறது. நம் எழுத்திலோ 'ண'வையும் 'ன'வையும் ஒரு சுழிதான் பிரிக்கிறது. 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பதும் ஒரு சிறு சுழிதான். மெய்க்கு அடையாளம் ஒரு புள்ளி. அந்த அளவில் இவற்றைப் பிரித்தறியக் கண் திரையை நோக்கி நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. போனைக் குறுக்காகத் திருப்பிப் பார். நீளவாட்டில் அது ஏறக்குறைய 15 செ.மீ. என்பதால் பக்கம் அச்சிட்ட அளவுக்கே திரும்பிவிடும். வெற்று ஓரங்களை வெட்டிக் காட்டும் செயலி இருந்தால் இன்னும் பெரிதாகும். அதைவிட நல்லது, ஈபப் வடிவம் கிடைக்கிற நூலுக்கு அதையே எடுத்துக்கொள்வது. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பும், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. கையை நீட்டி 40 செ.மீ. தள்ளிப் பிடித்தாலும் எழுத்து சிரமமில்லாமல் தெரிகிற வரை பெரிதாக்கு. திரையில் வரிகள் குறைகிறதே என்று கவலைப்படாதே.

நீ மறுத்துக் கேட்கக்கூடியவை சில உண்டு. ஒளி காரணமில்லை என்றால் கிண்டில் ஏன் இதமாக இருக்கிறது? ஆய்வுகளே இதில் ஒத்துப்போகவில்லை. 2012-இல் வந்த ஒன்று, நெடுநேரம் வாசிக்கவைத்தும் கிண்டிலில் இருப்பது போன்ற மின்மைத் திரைக்கும் எல்சிடி திரைக்கும் இடையே கண் களைப்பில் வேறுபாடு காணவில்லை. 2013-இல் வந்த மற்றொன்று எல்சிடிதான் அதிகம் களைப்பூட்டியது என்றது. கிண்டில் வைத்திருப்பவர் மகிழ்ச்சியாக அதில் படிக்கட்டும். இல்லாதவர் அதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. ஒளியின் அளவு மட்டும் நிச்சயம் பொருட்டானது. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வை; தாளைவிடத் திரை விளக்குபோல் ஒளிர்ந்தால் குறை, சாம்பலாகத் தெரிந்தால் கூட்டு. அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படிக்காதே. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லது என்று பலர் நம்புகிறார்கள். வெளிச்சமான பின்னணியில் கண்மணி சுருங்குவதால் எழுத்து கூர்மையாக விழுகிறது என்பதே சோதனைகள் காட்டுவது. பகலில் கறுப்பு எழுத்தே மேல்.

தூக்கம் வேறு கதை, அங்கே ஒளிக்குப் பங்கு உண்டு. 2014 இறுதியில் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், இரவில் சில மணி நேரம் ஐபேடில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தபோது எடுத்துக்கொண்டதைவிடச் சுமார் 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். ஆகவே படுக்கைக்கு அச்சுப் புத்தகத்தைக் கொண்டுபோ.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது வினாடி பார்க்கச் சொல்லும் விதியைக் கேள்விப்பட்டிருப்பாய். கதையின் ஓட்டம் அறுந்துபோகும் என்பது உன் குறையாக இருக்கும், அது நியாயமே. கடிகாரத்தை விட்டுவிடு, அத்தியாயம் முடியும்போது எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார். தசை தளர வேண்டும், அவ்வளவுதான். கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்க, பகலில் வெளியே போவதையும் விடாதே. சீனாவின் குவாங்சோவில் ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்தது.

இவ்வளவும் செய்து சில வாரம் கழிந்த பிறகும் வலி இருந்தால் கண் மருத்துவரிடம் போ. கரும்பலகை நன்றாகத் தெரிகிறது என்பதால் பவர் இல்லை என்று முடிவுகட்டாதே. லேசான தூரப்பார்வைக் குறை உள்ள இளம் கண், தசையை இறுக்கியே அதை மறைத்துக்கொள்ளும். படிக்கும்போது வலியாக அது வெளிப்படும். அதனால்தான் உன் வயதினருக்குச் சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தியும் சோதிப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம், சில மருந்துகளுக்கு ஒரு நாள்கூட, கிட்டத்து எழுத்து மங்கலாகவே தெரியும். தேர்வு இல்லாத வாரமாகப் பார்த்துப் போ.

அன்புடன்,
மாமா